கத்தினால் இரண்டு குறையும்

…வைத்துவிட்டார்கள், இங்கிருந்தே தெரிகிறது, கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்கள், இனி லோவ்ரே வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு குனிந்து செருப்பைத் தேடுவார், பெரினா அக்கா சிகரெட்டை அணைத்துவிட்டுக் கையை அரைக்கால் சட்டையில் துடைத்துக்கொள்வாள், இரண்டு பேரும் துறையில் அவனுடைய இடத்துக்கு நேரே வந்து நின்று கயிற்றுக்குக் கை நீட்டுவார்கள், ஒரு முகத்திலும் சிரிப்பு இருக்காது. அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டி இன்னும் நூறு மீட்டர். ரோகோ படகின் எஞ்சின் வேகத்தைக் குறைத்தான். மெதுவாகப் போனால் அவர்கள் அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கும், வேகமாகப் போனால் பயந்துபோவார்கள்… எப்படிப் போனாலும் கிளாஸ் கீழேதான். ஷிமே மாமா மட்டும் எழுந்திருக்க மாட்டார், போன வாரம்தான் முழங்காலில் ஆபரேஷன், காலை ஒரு நாற்காலியில் நீட்டி, அதன்மேல் ஆலிவ் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முடிந்திருந்தால் அவரும் ஓடி வந்திருப்பார். ஏப்ரலிலிருந்து ஓடி வந்துகொண்டுதானே இருக்கிறார்.

முன்பெல்லாம் ஓடி வந்தார்களா? யார் ஓடி வந்தார்கள்? சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் இந்தத் துறையில் யாரும் யாருக்காகவும் எழுந்ததில்லை. படகுப் பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டு, சிவப்பு ஒயினில் பாதித் தண்ணீர் ஊற்றி, உப்பு மத்தியை ரொட்டியில் வைத்து, படகின் பின்பக்கத்தில் உட்கார்ந்து உள்ளே வருகிறவர்களை வேடிக்கை பார்ப்பார்கள். சினிமா என்று அதற்குப் பெயர். வந்த படகைத் துறையில் கட்டி முடித்ததும் பத்துக்கு இத்தனை என்று ஷிமே மாமா உரக்கச் சொல்வார். வாடகைப் படகில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டே வந்தால் கொண்டாட்டம். கத்தினால் இரண்டு குறையும், அது பெரினா அக்கா போட்ட சட்டம், விவாகரத்து ஆன வருஷம் போட்டது. ரோகோவும் அவன் மனைவி யெல்காவும் கத்தியதே இல்லை. ஒரு தடவை ஒன்பதரை வாங்கினார்கள். அரை எங்கே போச்சு மாமா என்று யெல்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். பத்து குடுத்துட்டா நாளைக்கு எதுக்கு வரப்போறீங்க என்றார் அவர். அந்த அரைக்காக அவள் ஒரு வாரம் அவரோடு சண்டை பிடித்தாள், கடைசியில் அவரிடமிருந்து ஒரு பாட்டில் மூலிகைச் சாராயம் பிடுங்கிக்கொண்டுதான் விட்டாள்.

போன அக்டோபரில், கடையில், வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, எழுந்திருக்கவே இல்லை. முப்பத்தொரு வயது. அவ்வளவுதான், அதற்கு மேல் அதில் நினைக்க ஒன்றுமில்லை… ஏப்ரலில் அவன் தனியாகப் படகை வெளியே எடுத்துத் திரும்பி வந்தபோது எல்லாரும் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். நல்லா வந்துட்டே தம்பி, ரொம்ப நல்லா வந்துட்டே என்றாள் பெரினா அக்கா. நன்றாகவா? லோவ்ரேயின் படகில் ஒரு கை நீளத்துக்குக் கோடு போட்டிருந்தான். பெயிண்டில் விரல் பட்டாலே முகம் சுண்டிப்போகிற பல் டாக்டர், அது பழைய கோடுப்பா, எப்பவோ விழுந்தது என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். மதிப்பெண் யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை சொல்லவில்லை. கூட உட்கார வைத்து ஊற்றிக் கொடுக்கிறார்கள், மத்தி மீனில் பெரியதாகப் பார்த்து அவன் தட்டில் வைக்கிறார்கள், அவன் இருக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், மற்ற படகுகளைப் பார்த்துச் சிரிப்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள். சினிமாவே நின்றுபோனது அவனால்தான்.

என்ன சாப்பிடுற என்று கேட்டால் எதுவானாலும் என்பான். எங்கே போகணும் என்றால் எங்கேயானாலும். வேண்டும் என்று எதுவும் தோன்றுவதில்லை, வேண்டாம் என்று மட்டும் ஒன்று உண்டு, இவர்கள் ஓடி வர வேண்டாம். அதற்காகத்தான் கோடை முழுக்கத் தீவுக்குப் பின்னால் போய், ஒரு மிதவையைத் துறை என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி வந்து வந்து பழகினான். இங்கே பின்பக்கத்தைத்தான் துறைக்குக் கொடுக்க வேண்டும். ஓட்டுகிறவன் துறையைப் பார்த்து நிற்பான், படகின் மூக்கு அவன் முதுகுக்குப் பின்னால் எங்கோ இருக்கும். கடலடியில் கல்லில் கட்டிய கயிற்றின் நுனி துறையோரம் கிடக்கும், அதைக் கொக்கிக் கம்பால் தூக்கிக்கொண்டு முன்பக்கம்வரை ஓடி இறுக்கிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மூக்கு காற்றோடு போய்விடும். அந்த ஓட்டம் யெல்காவுடையது. ஏழு வருஷத்தில் அவள் ஓடி அவன் பார்த்ததே இல்லை, கேட்டிருக்கிறான், வெறுங்கால் படகுத் தளத்தில் திம் திம்மென்று போகும், பிடிச்சிட்டியா என்பான் திரும்பாமலே, பிடிச்சாச்சு என்பாள். இப்போது எல்லாம் அவனே. பின்கயிறு இரண்டு, பிறகு கொக்கி, பிறகு ஓட்டம், நாற்பது நொடி. காற்றில்லாவிட்டால் நாற்பது நொடி போதும். இன்றைக்கென்று பார்த்து மேற்குக் காற்று ஐந்து மணி ஆகியும் அடங்கவில்லை.

திருப்பினான். ரிவர்ஸ். துறை நெருங்கி வருகிறது, லோவ்ரேயின் நீட்டிய கைகள், மோதிரம்கூடத் தெரிகிறது. இன்னைக்கு வேணாம் டாக்டர், நானே கட்டிக்கிறேன் என்றான். லோவ்ரே கையை மடக்கவும் தெரியாமல் நீட்டவும் தெரியாமல் நின்றார். அது போதும். படகு நேராக வருகிறது, தீவுக்குப் பின்னால் ஒரு நாளும் இவ்வளவு நேராக வந்ததில்லை, இடது கயிறு துறையின் கட்டுத்தூணில் விழுந்தது, வலது கயிறும் விழுந்தது, ஒரே வீச்சில், இரண்டும். பெரினா அக்காவின் புருவம் மேலே போனதைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் ஷிமே மாமா ஆலிவை மெல்லுவதை நிறுத்தியதையும் பார்த்தான். வெயில் கன்னத்தில், டீசல் வாசனை, பின்கயிறு இறுகும் முனகல், எல்லாம் எப்போதும் போல, எல்லாம் அதனதன் இடத்தில்… யெல்கா, பிடிச்சிட்டியா?

உரக்கத்தான் கேட்டான். துறை முழுக்கக் கேட்டிருக்கும். பதிலுக்குக் காத்திருந்தான் வேறு, ஒரு நொடி, இரண்டு நொடி, திரும்பாமல். கொக்கிக் கம்பு அவன் காலடியிலேயே கிடந்தது. மூக்கு மெதுவாக, யாரோ கையைப் பிடித்து அழைத்துப் போவதுபோல, காற்றோடு திரும்பிப் பெரினா அக்காவின் படகின்மேல் சாய்ந்தது, இடையிலிருந்த ரப்பர் உருளைகள் கீச்சென்றன, அவள் வைத்துவிட்டு வந்த கிளாஸ் உருண்டது, அவள் படகின் வெள்ளைத் தளத்தில் சிவப்பு ஒயின். அவன் குனிந்து கம்பை எடுத்தான், கயிற்றைத் தூக்கினான், பாசி படிந்த கயிறு, முன்பக்கம் நடந்தான், ஓடவில்லை, இனி ஓடி என்ன, முழு பலத்தையும் போட்டு இழுத்துக் கட்டினான். கட்டி முடித்தும் நிமிரவில்லை. இப்போது நல்லா வந்துட்டே தம்பி என்பார்கள். சொல்லட்டும். படகை விட்டு இறங்கி அப்படியே காருக்குப் போய்விடலாம், அடுத்த வாரம் வராமலே இருந்துவிடலாம்…

“மூணு” என்றார் ஷிமே மாமா.

மாமா! என்று பல்லைக் கடித்துக்கொண்டு லோவ்ரே சொன்னது காதில் விழுந்தது. என்ன மாமாங்கிறே, எழுந்து ஓடத்தான் முடியல, வாயுமா ஆபரேஷன் பண்ணிட்டாங்க, மூணு, அவ்வளவுதான். ரோகோ நிமிர்ந்தான். மூணா, என்றது யார், அவன்தான். எதுக்கு மூணு? ரெண்டு கயிறும் ஒரே வீச்சுல விழுந்துச்சு, பார்த்தீங்கல்ல? பார்த்தேன், அதுக்கு அஞ்சு, கத்தினதுக்கு ரெண்டு போச்சு, கூட்டிக் கழிச்சுக்கோ. நான் கத்தல மாமா. எனக்குக் கேட்டுதே. கத்தல, கேட்டேன்… பிடிச்சிட்டியான்னு கேட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது, ஆனால் லோவ்ரே அதற்குள் அவன் பக்கம் வந்துவிட்டார், அதானே, கூப்பிடுறது வேற கத்துறது வேற, ஒரு பொண்டாட்டியைக் கூப்பிட்டா அது எப்படி… என்று இழுத்தார். பெரினா அக்கா தன் படகில் குந்தி ஒயினைத் துடைத்துக்கொண்டே தலையைத் தூக்காமல் சொன்னாள், சட்டம் போட்டவ நான், சத்தம் வந்தா சத்தம்தான், யெல்கா இங்க இருந்திருந்தா ரெண்டரைக்கு மேல குடுக்க விட்டிருக்கவே மாட்டா, இவனுக்கு அவளைவிட மட்டமா மார்க் போட்டவ யாரு? துடைக்கிற கை நின்றது. பதினொரு மாதத்தில் அந்தப் பெயரை அவர்களில் ஒருவர்கூட அவன் முன்னால் சொன்னதில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள், கண் கலங்கியிருந்தது, ஆனாலும் துணியைப் பிழிந்து அவன் பக்கமாகவே கடலில் உதறினாள். என் படகுல கறை போகலைன்னா ஒண்ணரைதான், ஞாபகம் வச்சுக்கோ.

சரி, நாலு, என்றார் ஷிமே மாமா, கத்தினதுல பாதி, ஒத்துக்கிறியா, ஒத்துக்கிட்டா வந்து உட்காரு, ஒயின் சூடாகுது. லோவ்ரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இப்படி வந்ததற்கு நாலு நல்ல மதிப்பெண், போன வருஷம் ஒரு செக் நாட்டுக்காரருக்குக்கூட நாலுதான். சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். நாலரை, என்றான் ரோகோ. என்னது? நாலரை மாமா, காத்து அடங்கல இன்னைக்கு, அதுக்கு அரை குடுக்கணும். காத்துக்கெல்லாம் எவன் குடுப்பான் என்று அவர் எகிற, குடுத்திருக்கீங்க, ரெண்டு வருஷம் முன்னாடி டாக்டருக்குக் குடுத்தீங்க என்று இவன் விரலை நீட்ட, என்னை ஏன்டா இழுக்கிறே என்று லோவ்ரே கத்த, மூன்று பேரும் சேர்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள், கிளாஸ்கள் எப்போது கைக்கு வந்தன என்று அவன் கவனிக்கவில்லை. அரை மதிப்பெண். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான், எங்கே கொண்டுபோய் வைப்பான், யாரிடம் சொல்வான்… தெரியாது, ஆனால் வேண்டும், நெஞ்சு படபடக்கிற அளவுக்கு வேண்டும். ஷிமே மாமா ஆலிவ் கொட்டையைக் கடலில் துப்பிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார், கொடுத்துவிடுவார் போலத்தான் இருந்தது, கொடுத்துவிட்டால்… அதற்கப்புறம் இன்னும் என்னென்ன கேட்கத் தோன்றுமோ என்று நினைத்ததும் அவனுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.