வீட்டுக்குள் வந்த புயல்

என் வீட்டுக்காரருக்குக் கைபேசியில் புயல் பார்க்கிற பைத்தியம். எந்தக் கடலில் எது சுழன்றாலும் அவருக்குச் சோறு இறங்காது. எங்கள் சலவைக் கடையில் துணி துவைப்பது நான். வானத்தை மேய்ப்பது அவர்.

அன்று மாணவர் விடுதியின் எண்பது படுக்கை விரிப்புகள் மாடிக் கொடியில் தொங்கின. உலர்த்தும் இயந்திரம் முதல் நாளே படுத்துவிட்டது. மாலை நாலு மணிக்குள் காய்ந்து வந்து சேராவிட்டால் வேறு கடைக்குக் கொடுத்துவிடுவேன் என்று வார்டன் சொல்லியிருந்தார். எங்களுக்குப் பாதி வேலை அந்த விடுதியிலிருந்துதான் வருகிறது.

பத்து மணிக்கு இவர் மேப்பும் கையுமாக ஓடி வந்தார். புயலின் மையம் நம் தெருவிலேயே நிற்கிறதாம். வெயில் மண்டையைப் பிளந்தது. இருந்தாலும் பயத்தில் எண்பதையும் ஈரத்தோடு எடுத்தேன். நிலவரம் பார்த்து வர அவர் வண்டியில் கிளம்பினார். கால் மணியில் போன் வந்தது. புயல் மார்க்கெட் பக்கம் நகர்ந்துவிட்டது, விரித்துவிடு என்றார். விரித்தேன். திரும்பி வந்தவர், அதுவும் கூடவே திரும்பிவிட்டது என்றார். மறுபடி எடுத்தேன். இடுப்பு கழன்றுவிட்டது.

அதற்கு மேல் பொறுக்க முடியாமல் கைபேசியைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒரு நீலப் புள்ளி, அதைச் சுற்றி வெளிறிய வட்டம்.

“இது நீங்க நிக்கிற இடத்தைக் காட்டுற புள்ளிங்க. புயலே நீங்கதான்.”

அவர் முகம் சுண்டிப்போனது. நான் விட்டேனா? கைபேசியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு மறுபடி விரித்தேன். மேற்கே கறுக்கிறது என்று இரண்டு தடவை மெல்லச் சொன்னார். வாயை மூடச் சொன்னேன். அலமாரிக்குள் கைபேசி கிர் கிர்ரென்று அதிர்ந்தது. அதையும் நான் சட்டை செய்யவில்லை.

மூன்று மணிக்கு வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. இருவரும் ஓடிப்போய் எடுப்பதற்குள் எண்பதும் தொப்பலாகிவிட்டன.

நாலு மணிக்கு வார்டன் என் போனில் அழைத்தார். வீட்டுக்காரர் அதை வாங்கிக்கொண்டார்.

“புயல் என்னாலதான் சார் வந்துச்சு. அவ மேல தப்பில்ல.”

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. நாளை மாலை வரை நேரம் கிடைத்தது.

வெட்கமாக இருந்தது எனக்கு. அலமாரியைத் திறந்து கைபேசியை எடுத்து அவரிடம் நீட்டினேன். அதில் நாலு மழை எச்சரிக்கைகள் காத்திருந்தன.