வீராணம் வரை கேரியரில்

ஒவ்வொரு வருஷமும் பொங்கல் முடிந்ததும் பிலோமின்ராஜ் பெண்டாட்டியிடம் ஒரே கேள்வியைக் கேட்பார். "பொறந்த நாளு வருது, என்னா வேணும் சொல்லு." ஆக்னஸும் ஒரே பதிலைச் சொல்வாள். "ஒன்னும் வோணாம், சும்மா இருங்க." கடமை முடிந்தது என்று அவர் டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார். கல்யாணமாகி இருபத்தேழு வருஷமாக இது பிசகாமல் நடந்தது.

2006 ஜனவரியில் ஆக்னஸுக்கு ஐம்பது. அவர் வழக்கம்போலத்தான் கேட்டார், ஆனால் குரலில் சுரத்து இல்லை, டீக்கடைக்குக் கிளம்பும் உத்தேசமும் இல்லை.

"வீராணம் ஏரி பாக்கணும், சைக்கிள்ல" என்றாள் ஆக்னஸ்.

"யாரு மிதிக்கிறது?"

"நாந்தான். நீங்க பின்னாடி குந்திக்கிங்க."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஐந்து மாதமாக அவருக்கு அந்தச் சுவர்தான் உலகம். ஆகஸ்டில் வேலை செய்கிற பேட்டையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரைப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து மீட்டு வந்தார்கள். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் சூளை அடுக்குகிறவர்களில் அவர் குரல்தான் பெரிய குரல். ஒரு கத்து கத்தினால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற டீக்கடைக்காரன் நாலு கிளாஸைக் கழுவி வைத்துவிடுவான். அந்த மனிதர் இப்போது தண்ணி வேண்டுமென்றாலும் சைகை காட்டினார்.

இனி சைக்கிள் மிதிக்கக் கூடாது, தினமும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதலாவதைக் கேட்டு நொந்துபோனவர் இரண்டாவதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குக்கூடப் போகவில்லை. பங்குச் சாமியார்தான் வீடு தேடி வந்து நன்மை அப்பம் கொடுத்துவிட்டுப் போனார். ஆக்னஸுக்குப் பயமாக இருந்தது. ஆபரேஷனில் பிழைத்தவர் நாற்காலியில் செத்துப்போய்விடுவார் என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று நாள் கழித்து அவரே பேச்சை எடுத்தார்.

"பஸ்ஸுல போவலாமே."

"பஸ்ஸுல போனா போன மாரியே திரும்பி வருவோம். இருவத்தேழு வருஷத்துல ஒன்னே ஒன்னு கேட்டன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க."

சொல்ல முடியவில்லை, பாவம். ஆனால் இரண்டு நிபந்தனை வைத்தார். ஊர் முழிப்பதற்கு முன்னால் கிளம்ப வேண்டும். வழியில் எந்த ஊர் வந்தாலும் அவர் இறங்கி நடப்பார், ஊரைத் தாண்டித்தான் ஏறுவார். பெண்டாட்டி மிதிக்க, பின்னால் உட்கார்ந்து போகிற ஆம்பளையை அவருக்குத் தெரிந்து யாரும் பார்த்ததில்லை. முதல் ஆளாக இருக்க அவருக்கு இஷ்டமில்லை.

"சரிங்க" என்றாள் ஆக்னஸ். அறிவொளி இயக்கக் காலத்தில் முப்பத்தைந்து வயதுக்கு மேல் விழுந்து எழுந்து சைக்கிள் கற்றவள். இதற்கெல்லாம் மசிகிறவள் இல்லை.

பிறந்த நாளன்று பனி விலகாத வேளையில் புறப்பட்டார்கள். ஹாண்டில்பாரில் புளிசாதத் தூக்கு, கேரியரில் மடித்த போர்வை, அதன்மேல் பிலோமின்ராஜ். ஆள் பாதியாக இளைத்திருந்ததால் கனம் அவ்வளவு தெரியவில்லை. அதுதான் அவளுக்கு வருத்தமாக இருந்தது. ரோட்டில் குழி வரும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து, ஓரம் கட்டி, அலுங்காமல் ஓட்டினாள்.

கம்மாபுரம் எல்லை வந்ததும் முதுகில் ஒரு தட்டு. இறங்கிவிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நிலம் அளக்க வந்த அதிகாரி மாதிரி, இருபதடி முன்னால் நடந்தார். ஆக்னஸ் யாரோ போல சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனாள். இப்படியே ஊருக்கு ஊர் நடந்தது. ஓர் இடத்தில் களை பறிக்கப் போகிற நாலு பெண்களைப் பார்த்து இறங்கினார். இன்னோர் இடத்தில் ஒரே ஒரு வீடு இருந்தது, வாசலில் ஒரு மாடு நின்றது. அதற்கும் இறங்கினார். டாக்டர் சொன்ன ஒரு மணி நேரம் சேத்தியாத்தோப்புக்கு முன்பே முடிந்துவிட்டதை ஆக்னஸ் கவனித்தாள். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கரும்பு லாரிகள் சருகு உதிர்த்துக்கொண்டே கடந்தன. வெயில் சுள்ளென்று ஏறுவதற்குள் வீராணத்துக் கரைமேல் ஏறிவிட்டார்கள். அந்த வருஷத்து மழைக்கு ஏரி நிறைந்து கிடந்தது. அக்கரை தெரியவில்லை. நீர்க்காகங்கள் முங்கி முங்கி எழுந்தன. ஆக்னஸ் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றாள். ஐம்பது வயதுக்குள் இதை ஒரு தடவைகூடப் பார்க்காமல் இருந்திருக்கிறோமே என்று நினைத்தபோது சிரிப்பாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

பூவரச நிழலில் புளிசாதத் தூக்கைத் திறந்தார்கள். இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்புறம் தண்ணீரைப் பார்த்தபடியே பேசினார்.

"பொறந்த நாளும் அதுவுமா ஒன்ன மாடு மாரி இழுக்க வச்சிட்டன். பாரமாயிட்டன் ஆக்னஸு."

அழுதால் அவர் மறுபடி சுவரைத் தேடிப் போய்விடுவார் என்று ஆக்னஸ் தூக்கை மூடினாள்.

"இருவத்திரண்டு வருஷமா பலகை தூக்குறன். ஒரு பொம்மைக்கு மூக்கு போயிருக்குமா? பாரத்தப் பத்தி எங்கிட்ட பேசாதீங்க."

அவருக்குத் தெரியும். அச்சிலிருந்து எடுத்த, ஈரம் காயாத பச்சைக் களிமண் பொம்மைகளை நீளப் பலகையில் வரிசையாக வைத்து, தோளில் தூக்கி, உலர்த்தும் கொட்டகைக்குக் கொண்டுபோவதுதான் ஆக்னஸின் வேலை. விரல் பட்டால் போதும், பொம்மை வீண். அதனால் பேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. "பலகை!" என்று சத்தம் கேட்டால் முதலாளியே ஆனாலும் ஒதுங்கி வழிவிடுவார். தூக்கிப் போகிறவளை யாரும் கூப்பிட மாட்டார்கள், கிண்டல் பண்ண மாட்டார்கள். அவளும் பலகையை இறக்கும்வரை திரும்பிப் பார்க்க மாட்டாள்.

உச்சி வெயில் தாண்டியதும் திரும்பினார்கள். அதே ஊர்கள், அதே இறங்கல், அதே நடை. கம்மாபுரத்தில் மட்டும் இருபதடி முன்னால் போகாமல் கூடவே நடந்தார். நடந்ததில் முகத்தில் ரத்தம் ஓடியிருந்தது. ஆக்னஸுக்குத்தான் கால் இரண்டும் கெஞ்சின. விருத்தாசலத்துக்குள் நுழைந்து பேட்டைப் பக்கம் திரும்பும்போது அவளுக்குப் பகீரென்றது. வேலை விடுகிற நேரத்தை அவள் யோசிக்கவே இல்லை. பேட்டை கேட் வாசலிலும் டீக்கடையிலும் ரோடு அடைத்துக்கொண்டு கூட்டம் நின்றது. அத்தனை பேரும் தெரிந்தவர்கள்.

அவர் தட்டுவதற்கு முன்னால் அவளே பிரேக்கைப் பிடித்து ஒரு காலை ஊன்றினாள்.

"எறங்கிக்கிங்க. பேட்டை ஆளுங்க எல்லாம் நிக்கிறாங்க."

கேரியரில் கனம் குறையவில்லை.

டீக்கடை பெஞ்சில் காத்தவராயன் இருந்தான். சூளையில் அவரோடு பதினெட்டு வருஷம் வேலை செய்தவன், வாயில் பூட்டே கிடையாது. அவன் பார்த்துவிட்டான். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்தான். வாய் திறந்தது. போச்சு, நாளைக்கே இவர் சுவரோடு ஒட்டிக்கொள்வார் என்று ஆக்னஸ் கலங்கிப்போனாள்.

"ஏன் நின்னுட்ட? மிதி" என்றார் பிலோமின்ராஜ்.

அவள் மிதித்தாள். முதுகுக்குப் பின்னால், ஐந்து மாதமாகக் கேட்காத அந்தப் பெரிய குரல், ரோடே அதிரும்படி எழுந்தது.

"பலகை! பலகை வருது! வழி வுடுங்க!"

யோசிப்பதற்குள் கூட்டம் பழக்கத்தில் இரண்டாகப் பிரிந்தது. காத்தவராயன் திறந்த வாயை மூடிக்கொண்டு, டீ சிந்தச் சிந்த ஓரத்துக்கு ஒதுங்கினான். யாரும் கூப்பிடவில்லை, யாரும் கிண்டல் பண்ணவில்லை.

ஆக்னஸுக்குக் கண் நிறைந்து ரோடு மங்கியது. பலகை தூக்குகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. இரண்டு கையும் ஹாண்டில்பாரில் இருக்க, கண்ணைத் துடைக்காமலே, குழி பார்த்து மெதுவாக வீட்டை நோக்கி மிதித்தாள்.