வார்த்தையை விசாரித்துச் சேர்த்தவள்

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி தமிழில் பேச ஆரம்பித்தால் எதிராளிக்கு வாயைத் திறக்க இடம் கிடைக்காது. ஆனால் அவள் பார்த்த வேலையோ ஆங்கிலத்தில் எழுதுவது. ஹோட்டல் அறை முன்பதிவு செய்து தரும் கம்பெனி ஒன்றில், வெளிநாட்டிலிருந்து வரும் புகார்களுக்குப் பதில் போட வேண்டும். அங்கே அவளிடம் இருந்த சரக்கு கொஞ்சம்தான். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 'வெரி' போட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். வெரி சாரி, வெரி பேட், வெரி குட்.

ஒருநாள் மேலதிகாரி அம்மாள் கூப்பிட்டு, "தப்பு ஒண்ணும் இல்லம்மா. ஆனா உங்க கடிதம் எதைப் படிச்சாலும் ஒரே கடிதத்தைப் படிக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

அது சுருக்கென்று தைத்தது. தலையணை கனத்தில் ஓர் அகராதி வாங்கிவந்து முதல் எழுத்திலிருந்து மனப்பாடம் செய்யத் தொடங்கினாள். காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். காலையில் ஏற்றியது சாயங்காலம் வடிந்துவிடும். வடியாமல் தங்கிய ஒன்றிரண்டும் அவள் காலை வாரிவிட்டன. 'பெயர்பெற்ற' என்ற பொருளை நம்பி, ஒரு நல்ல ஹோட்டலை 'நொட்டோரியஸ்' என்று எழுதிவிட்டாள். திருடனுக்கும் மோசடிக்காரனுக்கும் போடுகிற சொல் அது. வாடிக்கையாளர் பதறிப்போய் அறையையே ரத்து செய்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அவளே அதைச் சொல்லிச் சிரித்தாள். மெக்கானிக்கும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். பாத்திரம் எதுவும் இல்லாமல் குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பின்னாலேயே போனவர், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "நாப்பது வயசுக்கு மேல இதெல்லாம் எதுக்கு? இருக்கிற இங்கிலீஷுக்கே சம்பளம் குடுக்கறாங்கல்ல?" என்றார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "உங்கமேல கோவம் வந்தா நான் எத்தனை விதமா கோவப்படுவேன்?"

"அதுக்குக் கணக்கு ஏது?"

"சிணுங்குவேன், பொருமுவேன், குத்திக் காட்டுவேன், வாயே திறக்காம பாத்திரத்தை உருட்டுவேன். இங்கிலீஷ்ல எனக்கு ஒரே ஒரு கோவம்தாங்க இருக்கு. ஆங்ரி. அதை விட்டா வெரி ஆங்ரி. அந்த ஆபீஸ்ல நான் பாதி ஆளாத்தான் உட்கார்ந்திருக்கேன்."

மெக்கானிக் குழாயை மூடிவிட்டு வந்தார்.

மறுவாரமே அவள் வழியை மாற்றிக்கொண்டாள். அகராதி அலமாரிக்கு மேலே போனது. பஸ்ஸில் போகும்போது செய்தித்தாள், வரும்போது ஒரு கதைப் புத்தகம். புதுச் சொல் ஒன்று கண்ணில் பட்டால் உடனே பிடித்துக்கொள்ள மாட்டாள். இன்னும் நாலு இடத்தில் அது எப்படி வருகிறது என்று தேடிப் பார்ப்பாள்.

"மாடிக்கு வாடகைக்கு ஆள் வந்தா என்ன பண்றோம்? எங்க வேலை, யாரோட பழக்கம்னு விசாரிக்கிறோம்ல? வார்த்தையும் அப்படித்தாங்க. தனியாப் பார்த்தா எல்லாம் லட்சணமாத்தான் தெரியும். யார்கூடச் சேருதுன்னு பார்த்தாத்தான் குணம் தெரியுது."

மழைக்கு 'ஹெவி' வரும், காற்றுக்கு 'ஸ்ட்ராங்'தான் பொருந்தும் என்பதையெல்லாம் அப்படி விசாரித்துத்தான் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததை வீட்டில் நடித்தும் காட்டுவாள். ஒருநாள் சாப்பாட்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்து கணவரை உற்றுப் பார்த்தாள்.

"இது என்ன பார்வை, சொல்லுங்க."

"கிளேர்."

"இல்ல, ஸ்டேர். கிளேர்னா முறைக்கிறது. அப்படி முறைச்சிருந்தா நீங்க இந்நேரம் எழுந்து போயிருப்பீங்க."

வேலை முடிந்து வீடு திரும்புவதற்கு மெக்கானிக்குக்கு இப்படி ஒரு காரணம் கூடியது. தன் மனைவிக்குள் இன்னொருத்தி மெல்ல மெல்லக் குடியேறுவதைப் பார்ப்பதுபோல் இருந்தது அவருக்கு. அலுவலகத்திலும் அவள் கடிதங்கள் திருத்தச் சொல்லித் திரும்பி வருவது குறைந்துகொண்டே போனது.

அப்படியிருக்கையில் ஒரு மத்தியானம், அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு வெளிநாட்டுப் பெண்மணி, தனியாக. மெக்கானிக்கும் கூட்டாளியும் மேலே மோட்டார் அறைக்கு ஓடினார்கள். லிஃப்டுக்குள்ளிருந்து பேசும் போனில் அந்த அம்மாளின் அழுகை கேட்டது, கதவைக் கையால் இழுக்கும் சத்தமும் கேட்டது. கதவு திறந்திருக்கும்போது லிஃப்டை நகர்த்தினால் ஆபத்து. "நோ டோர், நோ டோர்" என்று மெக்கானிக் தனக்குத் தெரிந்ததைக் கத்தினார். கதவே இல்லை என்று புரிந்துகொண்டாரோ என்னவோ, அந்த அம்மாள் இன்னும் பலமாக அலறினார்.

மெக்கானிக் மனைவிக்கு போன் போட்டார். விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டு, லிஃப்ட் போனுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மனைவியின் குரல் நிதானமாக வந்தது. முதலில் தான் யார் என்று சொன்னாள். பிறகு அந்த அம்மாளிடம் என்னவோ கேட்டாள், பதிலுக்குக் காத்திருந்தாள், மறுபடி பேசினாள். கதவை இழுக்கும் சத்தம் நின்றது. அப்புறம் தமிழில் கேட்டாள்.

"பின்பக்கச் சுவர்ல சாஞ்சு நிக்கறாங்க. நீங்க நகர்த்தும்போது உள்ள எப்படி இருக்கும்? நடுங்கிக்கிட்டே வருமா, ஆடுமா?"

"முதல்ல ஒரே ஒரு தடவை வெடுக்குனு இருக்கும். அப்புறம் மெதுவா வரும். கையால சுத்தறதால நின்னு நின்னு வரும்."

"விழற மாதிரி இருக்குமா?"

"சத்தியமா இருக்காது."

அவள் ஆங்கிலத்துக்குத் திரும்பினாள். ஆடுகிற ஷேக் இல்லை, நடுங்குகிற ஷடர் இல்லை, வெடுக்கென்று ஒரே ஒரு 'ஜோல்ட்' என்று அவள் அழுத்திச் சொன்னதை மெக்கானிக் கேட்டார். பின்னால் வந்த சொற்கள் அவருக்கு எட்டவில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் அவள் பார்த்துப் பார்த்து எடுத்து வைப்பது புரிந்தது. லிஃப்ட் கயிற்றைத் தாம் தடவிப் பார்க்கும்போது இருக்கும் அதே கவனம் அது என்று அவருக்குத் தோன்றியது.

கூட்டாளி பிரேக்கை விடுவித்தார். மெக்கானிக் சக்கரத்தைச் சுற்றினார். வெடுக்கென்று ஓர் அசைவு. அவர் அலறலை எதிர்பார்த்துப் பல்லைக் கடித்தார். அலறல் வரவில்லை. சொன்னது சொன்னபடி நடந்ததால் அந்த அம்மாள் அடுத்ததற்குத் தயாராக இருந்தார்.

மெக்கானிக் கீழே இறங்கி வந்து கதவைத் திறந்தார். வெளியே வந்தவர் மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு, 'யுவர் ஒய்ஃப்' என்று தொடங்கி ஒரு வார்த்தை சொன்னார். அவருக்கு விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பஸ்ஸில் அதையே மென்றுகொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

"அந்தம்மா உன்னை அன்ஃப்ளாப்பபிள்னு சொன்னாங்க. திட்டா, பாராட்டா?"

அவளுக்கும் அது புதிது. கைப்பேசியில் தேடிப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். "எதுக்கும் பதறாத ஆளாம். என் கை நடுங்கின நடுக்கம் அவங்களுக்கு எங்க தெரியும்?"

"கை நடுங்கிச்சா?"

"போனை மேசைமேல வச்சுட்டுத்தான் பேசினேன்."

மெக்கானிக் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தச் சொல்லை இன்னொரு முறை, தப்பில்லாமல், முழுசாகச் சொன்னார்.