பச்சைப் பையும் பத்து மடங்கு மின்சாரமும்

ஆய்வு மாணவி ஷூயின் செய்த மெல்லிய ஆக்சைடு படலத்தில் மின்சாரம் ஆமை வேகத்தில்தான் ஓடியது. அதே வகைப் படலத்தில் பேராசிரியர் பெங் முன்னொரு காலத்தில் அளந்து எழுதியது பத்து மடங்கு. அவருக்கு விருது, பதவி, தனி அறை எல்லாம் கிடைத்தது அந்தக் கட்டுரையால்தான். ஆகவே தப்பு ஷூயின் கையில்தான் என்று முடிவு கட்டிவிட்டார். அவளுடைய ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். பக்கத்து மேசைக்காரனான எனக்கே ஆத்திரமாக வந்தது.

ஒரு மதியம் அவரே ஆய்வகத்துக்கு வந்துவிட்டார். படலத்தை வைத்து அளக்கும் பெட்டியின் கண்ணாடி மூடிமேல், பச்சைப் பையில் தேங்காய் நொறுக்குத் தீனி கிடந்தது. அது இருந்தால் இயந்திரம் மக்கர் பண்ணாது என்பது எங்கள் சின்ச்சூ நகரம் முழுக்க உள்ள நம்பிக்கை. பெங்குக்கு மட்டும் அதைக் கண்டாலே ஆகாது.

“படிச்ச பொண்ணுதானே நீ? எலக்ட்ரான் என்ன சின்னக் குழந்தையா, தீனி காட்டினா ஓடறதுக்கு?”

“எல்லா மெஷின்லயும் இருக்கு சார்.”

“என் காலத்துல இந்தக் கண்றாவி எல்லாம் கிடையாது. இதே ஜன்னலோரம், இதே பெட்டி. நிம்மதியா அளந்தேன்.”

சொல்லிக்கொண்டே பையைத் தூக்கினார். அளவுக் கருவியின் திரையில் எண் விறுவிறுவென்று ஏறி, அவர் எழுதிய எண்ணிலேயே போய் நின்றது.

“பாத்தியா! மூடநம்பிக்கையைத் தூக்கினதும் எப்படி ஓடுதுன்னு!” மனிதர் குதிக்காத குறை.

ஷூயின் பையை வாங்கித் திரும்ப வைத்தாள். எண் மெல்ல இறங்கியது. எடுத்தாள், ஏறியது. பிறகு கொஞ்சமும் தயங்காமல் பெங்கின் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மூடிமேல் கவிழ்த்தாள். அதற்கும் இறங்கியது.

“வெயில் சார்! வெளிச்சம் பட்டா, சும்மா கட்டிக்கிடக்கற எலக்ட்ரானும் அவுத்துக்கிட்டு ஓடுது. இருட்டுல வர்றதுதான் படலத்தோட சொந்தக் கணக்கு.”

“அப்போ என் கட்டுரை...”

இந்த மனிதர் மூக்குடைபடும் நாளுக்காக எத்தனை காலம் காத்திருந்தேன்! வந்தபோது சிரிப்பு வரவில்லை, பாவமாக இருந்தது.

பெங் ஆய்வேட்டை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். “பழைய கட்டுரையை மட்டும் இதுல இழுக்காதம்மா.”

“இழுக்காம முடியாது சார். திருத்தறதே அதைத்தானே.”

அவர் நடந்துபோய் ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.

“அப்போ பக்க நம்பரோட போடு. தேடறவன் அலையக் கூடாது.”