இடது கன்னம்

"தழும்பு தெரியக் கூடாது. புரியுதா?"

அண்ணன் வாசற்படியிலேயே நின்று சொன்னார். நடிகையான தங்கை செத்துப் பத்து மணி நேரம் ஆகியும் அவர் அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. கட்டிலருகே மேக்கப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்த ஒப்பனைக்காரி நிமிரவில்லை. நாற்பத்திரண்டு வருடம் அந்த முகத்துக்கு மேக்கப் போட்டவள் அவள். எது தெரியக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"பத்திரிகைக்காரன், டிவிக்காரன் எல்லாம் வந்து நிக்கிறான். படத்துல பார்த்த மாதிரியே இருக்கணும்."

"இருப்பாங்க சார். அக்காவை எங்க அடக்கம் பண்றீங்க?"

"இதென்ன கேள்வி இப்போ?"

"அம்மா பக்கத்துல படுக்கணும்னு போன வாரம் உங்க கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாங்க. நீங்க பதிலே சொல்லாம ஃபேனைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

அவர் இப்போதும் ஃபேனைத்தான் பார்த்தார். "அம்மா பக்கத்துலதான். போதுமா? வேலையைப் பாரு."

அந்தக் குடும்பத்துக்குக் கல்லறைத் தோட்டத்தில் தனி இடம் உண்டு. சுற்றிலும் இரும்பு வேலி. வேலிக்குள் ஒரு சட்டம் உண்டு: முகத்தில் சாயம் பூசி ஊர் பார்க்க நின்ற பெண்ணுக்கு உள்ளே இடமில்லை. இதை எழுதியவர் யார் என்று கேட்டால் ஆளில்லை. காவல் காக்க மட்டும் வரிசையில் நிற்பார்கள். குடித்தே செத்த சித்தப்பா உள்ளே இருக்கிறார். பெண்டாட்டியை அடித்தே கொன்ற பெரியப்பாவும் இருக்கிறார், அதுவும் நல்ல மரநிழலில். அந்த வேலியைப் போட்டுக் கொடுத்ததே இந்த நடிகைதான். அவள் கொடுத்த இரும்பு ஆகும், அவள்தான் ஆகாதவள்.

ஒப்பனைக்காரி ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்தாள். இடது கன்னத்தில், காதுக்குக் கீழே, இஸ்திரிப் பெட்டியின் முனை அச்சாக இறங்கியிருந்தது. முதல் படத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று அண்ணன் வைத்தது. "மூஞ்சி போச்சுன்னா உன்னை எவன் நடிக்கக் கூப்பிடுறான்னு பார்க்கிறேன்" என்று சொல்லிச் சொல்லி அழுத்தினாராம். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. புண் ஆறிச் செட்டுக்கு வந்த முதல் நாள், அங்கே எடுபிடியாக இருந்த இவளிடம்தான் கன்னத்தைக் காட்டினாள். "மறைக்க முடியுமாடி?" முடிந்தது. படம் ஓடியது. பிறகு அதே அண்ணன் கால்ஷீட் பார்க்கும் மேனேஜராகி, முன் சீட்டில் உட்கார்ந்து ஸ்டுடியோவுக்கு வந்தார்.

முதலில் களிம்பு, அதன் மேல் பேஸ், அதன் மேல் பவுடர். தழும்பு மறைந்தது. சவப்பெட்டியில் வைத்து ஹாலுக்குக் கொண்டுபோனார்கள். கூட்டம் வரிசையில் வந்து பார்த்தது. "தூங்குற மாதிரியே இருக்காங்க" என்றது. எல்லாப் பிணத்துக்கும் சொல்வதுதான். ஒப்பனைக்காரிக்கு அது வேலைக்குக் கிடைத்த பாராட்டு.

மதியம், பூ வைக்கக் கல்லறைக்குப் போன நடிகையின் டிரைவர் திரும்பி வந்து இவள் காதருகே குனிந்தார்.

"அக்கா, குழி அம்மா பக்கத்துல இல்லையே. வேலிக்கு வெளிய, மதிலோரமா வெட்டுறாங்க. குப்பை கொளுத்துற இடம்."

"நல்லாப் பார்த்தியா?"

"சாம்பல்ல கால் வச்சுட்டு வந்திருக்கேன். இதோ பாருங்க செருப்பை."

அவள் செருப்பைப் பார்த்தாள். அழவில்லை. பையிலிருந்து ஈரத்துணியை எடுத்துக்கொண்டு பெட்டியருகே போனாள். அவ்வளவு கேமராவுக்கும் நடுவில், தினமும் சாயங்காலம் ஷூட்டிங் முடிந்ததும் சொல்வதைப் போலவே சொன்னாள்.

"பேக்கப் அக்கா. கண்ணை மூடிக்கோங்க."

துணி இடது கன்னத்தில் மூன்று தடவை போய் வந்தது. பவுடர் போனது, பேஸ் போனது. இஸ்திரிப் பெட்டியின் முனை கறுப்பாக வெளியே வந்தது.

"என்ன தழும்புங்க அது?" ஒரு நிருபர் எட்டிப் பார்த்தார்.

அண்ணன் முந்திக்கொண்டார். "ஷூட்டிங்ல லைட் சரிஞ்சு விழுந்துச்சு தம்பி. கலைக்காகவே வாழ்ந்தவ."

"முதல் ஷூட்டிங்குக்கு முன்னாடியே இருந்துச்சு சார்" என்றாள் ஒப்பனைக்காரி. "அன்னைக்கு மறைச்சது நான்தான். எப்படி வந்துச்சுன்னு இன்னும் நான் சொல்லலை."

அண்ணன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்க, பல்லுக்கு நடுவிலிருந்து குரல் மட்டும் வந்தது. "மூடு அதை."

"அம்மா பக்கத்துல குழி வெட்டினா மூடுறேன். என்கிட்ட சொல்லாதீங்க, இவங்ககிட்ட சொல்லுங்க."

மைக்குகள் அவர் பக்கம் திரும்பின. அவர் ஃபேனைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், தங்கையின் கன்னத்தை மட்டும் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தங்கச்சியோட கடைசி ஆசை, அம்மா பக்கத்துலயே படுக்கணும்னு. எங்க குடும்பமே சேர்ந்து எடுத்த முடிவு."

குடும்பமே சேர்ந்து தலையாட்டியது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரசவ வலியே இல்லாமல் பாசம் பிறந்துவிட்டது.

டிரைவர் மறுபடி போய், ஒரு மணி நேரம் கழித்து வந்தார். "வேலிக்குள்ளதான் அக்கா. அம்மா தலைமாட்டுக்கு நேரா. குழி முடியுற வரைக்கும் நின்னு பார்த்துட்டு வரேன்."

ஒப்பனைக்காரி ஈரத்துணியை உதறி நான்காக மடித்தாள். அண்ணன் அவசரமாகக் கிட்டே வந்தார்.

"சொன்னது ஆச்சுல்ல? மூடு. பெட்டியை எடுக்கணும்."

அவள் உட்கார்ந்து மேக்கப் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்து, இரண்டு கொக்கியையும் போட்டாள்.

"பேக்கப் சொன்னதுக்கு அப்புறம் மேக்கப் போடுறது எங்க தொழில்ல வழக்கமில்ல சார்."