கண்ணாடியக்காவின் பழகுநர் உரிமம்

அண்ணன் கப்பல் வேலைக்கு இரண்டு வருஷத்துக்குக் கிளம்பியபோது, தன் சாம்பல் நிறக் காரைக் கொண்டுவந்து தங்கை வீட்டு வாசலில் நிறுத்தினார். சாவியை அவள் கையில் வைத்தார். "சும்மா நிறுத்தி வெச்சா வண்டி வீணாப் போயிடும்மா. வாரத்துக்கு ரெண்டு தடவையாவது எடுத்து ஓட்டுங்க," என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். யார் எடுத்து ஓட்டுவது என்பதை மட்டும் சொல்லவில்லை.

தங்கைக்கு நாற்பத்து நாலு வயது. கண்ணாடிக் கடையில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறாள். ஃப்ரேம் எடுத்துக் காட்டுவது, மூக்கில் சரியாக உட்கார வைப்பது, காதுக்குப் பின்னால் வளைத்துக் கொடுப்பது, கூட்டமான நாளில் எழுத்துப் பலகை முன்னால் ஆளை உட்கார வைத்து முதல் சோதனையை முடித்து அனுப்புவது, எல்லாம் அவள்தான். அந்தப் பகுதியில் அவளுக்குக் கண்ணாடியக்கா என்றே பெயர். ஆனால் அவள் கண்ணாடி போட்டதே கிடையாது. யாராவது கேட்டால், "மிட்டாய்க் கடையில இருக்கிறவங்க நாள் பூரா மிட்டாயா தின்னுட்டு இருக்காங்க?" என்பாள்.

அவள் கணவர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். பாடப்புத்தகமோ மருந்துப் பெட்டி அட்டையோ, எது அச்சேறினாலும் அவருடைய சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் போக வேண்டும். எழுத்துக்கு முன்னால் புலி. வண்டிக்கு முன்னால் மட்டும் எலி. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தாலே முன்னால் இருப்பவரின் சட்டையைக் கசக்கிப் பிழிந்துவிடுவார்.

பத்து நாள் கார் நின்றது. பதினோராம் நாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரி அதன் மேல் ஈரப் போர்வையை விரித்துக் காயப்போட்டிருந்தாள். கண்ணாடியக்காவுக்குச் சுருக்கென்றது.

"ஏங்க, நான் கார் ஓட்டக் கத்துக்கப் போறேன்."

"நீயா?"

"பின்னே நீங்களா?"

அவர் கார் சாவியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு இருவரும் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தார்கள். முதலில் பழகுநர் உரிமம் எடுக்க வேண்டும். அது கையில் இருந்தால்தான் சொல்லிக்கொடுக்கும் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வண்டியைத் தொடவே முடியும். இணையத்தில் விண்ணப்பம் போட்டு, படம் ஏற்றி, தேதி வாங்க வேண்டும். பிறகு நேரில் போய்க் கண் சோதனையும் கம்ப்யூட்டர் தேர்வும் முடிக்க வேண்டும்.

அவள் தட்டச்சு செய்ய, கணவர் நிபந்தனைகளை முதல் வரியிலிருந்து வாசித்தார்.

"'விண்ணபதாரர்'னு போட்டிருக்கான் பாரு. ஒரு 'ப்' விட்டுட்டான்."

"விட்டா விட்டுட்டுப் போறான். கீழ போங்க."

"அது எப்படி விடறது? ஆயிரக்கணக்கான பேர் பார்க்கிற இடம்." அவர் சிவப்புப் பேனாவைத் தேடினார். திரையில் எழுத முடியாது என்று நினைவு வந்ததும், ஒரு தாளை எடுத்துப் பிழைகளைக் குறிக்க ஆரம்பித்தார். ஏழாவது பிழையைக் குறித்தபோது, நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லித் தளம் அவர்களை முதல் பக்கத்துக்கே தள்ளிவிட்டது. இரண்டாம் முறையும் அப்படியே ஆனது. மூன்றாம் முறை அவள், "நீங்க போய் டீ போடுங்க," என்று அவரை எழுப்பி அனுப்பிவிட்டுத் தனியாக நிரப்பினாள்.

பார்வைக் குறைபாடு உண்டா என்று ஒரு கேள்வி. நிறுத்தி யோசிக்கக்கூட இல்லை. இல்லை என்ற கட்டத்தில் சொடுக்கினாள்.

படம்தான் பெரிய வம்பாகிவிட்டது. பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டுமாம். வீட்டில் வெள்ளையாக இருந்தது ஃப்ரிட்ஜ் ஒன்றுதான். அதன் முன்னால் நின்று எடுத்த படத்தில் கைப்பிடி அவள் தலையிலிருந்து கொம்பு முளைத்த மாதிரி வந்திருந்தது. அடுத்ததில் காது தெரியவில்லை. அதற்கடுத்ததில் காது தெரிந்தது, கண் மூடியிருந்தது. நாலாவது படத்தைத் தளம் ஏற்றுக்கொண்டது. அதில் அவள் யாரையோ அடிக்கக் கிளம்பியவள் மாதிரி இருந்தாள். போனால் போகிறது என்று விட்டாள். அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தேதி கிடைத்தது.

வியாழக்கிழமை கணவரும் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். உரிம அலுவலகத்தின் வரிசை மூன்றாவது ஜன்னலைச் சுற்றி வளைந்து மாடிப்படி வரை நின்றது. கண் சோதனை அறையில் ஒரு மேஜை, ஒரு முத்திரைக் கட்டை, எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை. மேஜைக்குப் பின்னால் அரைக்கை சட்டையில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் கோட்டுல நின்னு பலகையைப் படிங்கம்மா."

கண்ணாடியக்கா கோட்டில் நின்றாள். அதற்குள் கையிலிருந்த விண்ணப்பத் தாள்கள் நழுவித் தரையெல்லாம் பரவின. குனிந்து பொறுக்கிக்கொண்டே, "ஈ. எஃப், பி. டி, ஓ, இசட். எல், பி, ஈ, டி..." என்று கடகடவென்று சொல்லிக்கொண்டு போனாள். தாள்களை அடுக்கி நிமிர்ந்தபோது கடைசி வரியும் முடிந்திருந்தது.

"சபாஷ்!" என்றார் குமாஸ்தா. முத்திரையை மையில் ஒற்றி உயர்த்தினார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் பலகையைப் பார்க்கவே இல்லை. கடையில் இருப்பதும் அதே பலகைதான். ஒரு நாளைக்கு முப்பது பேர் அதைத் திக்கித் திக்கிப் படிப்பதைக் கேட்டுக் கேட்டு, தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள். இப்போது பார்த்தாள். மேலே இரண்டு வரி இருந்தது. அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ இருந்தது.

"சார், ஒரு நிமிஷம். முத்திரை போடாதீங்க."

"ஏம்மா?"

"நான் படிக்கலை சார், ஒப்பிச்சேன். எனக்கு இந்தப் பலகை மனப்பாடம். வேற ஏதாவது வெச்சுப் பாருங்க."

குமாஸ்தாவின் கை அந்தரத்திலேயே நின்றது. "இருபது வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். ஃபெயில் ஆக்கிட்டீங்கன்னு சண்டை போட்டவங்க உண்டு. பாஸ் ஆனதுக்குப் புகார் சொல்ற முதல் ஆள் நீங்கதான்." வேறு பலகை அவரிடம் இல்லை. சுற்றுமுற்றும் தேடிவிட்டு ஜன்னலைத் திறந்தார். "சரி, இங்க வாங்க. அதோ கிடங்கு வாசல்ல ஒரு வேன் நிக்குது. அதோட நம்பரைப் படிங்க."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள், விரித்தாள், தலையைச் சாய்த்தாள்.

"அது வேனா?" என்றாள்.

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் முகத்தில் சூடு காது வரை ஏறியது. குமாஸ்தா சிரிக்கவில்லை. முத்திரையை ஓரமாக வைத்துவிட்டு, தாளில் ஏதோ எழுதினார்.

"இதுல வெட்கப்பட ஒண்ணும் இல்லம்மா. நல்ல கடையாப் பார்த்துக் கண்ணைக் காட்டி, கண்ணாடி போட்டுக்கிட்டு வாங்க. மார்க்கெட் முனையில ஒரு கடை இருக்கு. அங்க கண்ணாடியக்கான்னு ஒருத்தர் இருக்காங்களாம், பொறுமையாப் பார்த்துச் சொல்வாங்களாம். என் மச்சினிகூட அங்கதான் வாங்கினா."

அவள் ஒரு கணம் கூரையைப் பார்த்தாள். "அந்த அக்கா நான்தான் சார்."

இந்த முறை குமாஸ்தாவும் சிரித்தார்.

வெளியே வந்ததும் கணவர், "பேசாம இருந்திருந்தா முத்திரை விழுந்திருக்கும்," என்றார். குறையாகச் சொல்லவில்லை. சொல்லும்போதே அவர் குரலில் ஒரு பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது.

"விழுந்திருக்கும். அப்புறம் எதிர்ல வர்றது வேனா சுவரான்னு உங்களைக் கேட்டுக்கிட்டே ஓட்டியிருப்பேன்."

அவர் சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சாலையைத் தாண்டும் வரை விடவில்லை.

அன்று சாயங்காலமே கடையில் அவளை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பார்வை அளக்கும் பெண் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவள். பலகை வேலைக்கு ஆகாது என்று தெரிந்து, இயந்திரத்தில் எண்களை மாற்றி மாற்றிக் காட்டினாள்.

"அக்கா, பஸ் நம்பர் தூரத்துல தெரியுமா உங்களுக்கு?"

"பக்கத்துல நிக்கிறவங்களைக் கேட்பேன். எல்லாரும் அப்படித்தானே?"

"எல்லாரும் அப்படி இல்லக்கா." அவள் சோதனைக் கண்ணாடியில் ஒரு வில்லையைச் செருகினாள். "இப்போ?"

எண்கள் கழுவித் துடைத்த மாதிரி பளிச்சென்று வந்து நின்றன. கண்ணாடியக்கா சோதனைக் கண்ணாடியை ஒருமுறை கழற்றிப் பார்த்தாள், மறுபடி மாட்டிப் பார்த்தாள். பிறகு, "பத்தொன்பது வருஷமா எல்லாரும் இந்த இடத்துல ஏன் 'ஆ'ன்னு சொல்றாங்கன்னு இப்பதான் புரியுது," என்றாள்.

ஃப்ரேம் தேர்ந்தெடுக்கத்தான் திண்டாட்டம். யார் கடைக்குள் நுழைந்தாலும் அவர்கள் உட்காரும் முன்பே இந்த முகத்துக்கு இதுதான் என்று சொல்லிவிடுபவள், தன் முகத்துக்கு முப்பத்தெட்டு ஃப்ரேம்களை மாட்டிப் பார்த்தாள். முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கியும் முடிவாகவில்லை. கடைசியில் பார்வை அளக்கும் பெண் பொறுமை இழந்து, அடர் பச்சையில் ஒன்றை எடுத்து அவள் மூக்கில் வைத்து, "முடிஞ்சுது. வீட்டுக்குப் போகலாம்," என்றாள்.

நாலாம் நாள் கண்ணாடி தயாரானது. அதைப் போட்டுக்கொண்டு கடை வாசலில் நின்றவள், எதிர்ச் சாரியில் இருந்த துணிக்கடைப் பலகையைப் பார்த்துத் திடுக்கிட்டாள். உடனே கணவருக்கு போன் போட்டாள்.

"ஏங்க! எதிர்க்கடை போர்டுல 'ஆயத்த ஆடைகள்'னு இல்ல, 'ஆபத்த ஆடைகள்'னு எழுதியிருக்கு!"

"ஆமா. எட்டு வருஷமா இருக்கு."

"எட்டு வருஷமாவா? எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"தினமும் அதுக்கு எதிர்ல நிக்கிறே. பழகிப்போச்சாக்கும்னு நினைச்சேன். என்னால அதைப் பார்க்க முடியாமத்தான் பின்பக்கச் சந்து வழியா உன்னைக் கூப்பிட வர்றேன்."

இதற்குப் பிறகும் ஒரு தொல்லை பாக்கி இருந்தது. விண்ணப்பத்தில் கண்ணாடி இல்லாத முகம். பார்வைக் குறைபாடு இல்லை என்ற பதில். ஒருமுறை அனுப்பியதைத் திருத்த முடியாது, ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்று தளம் சொல்லிவிட்டது. கணவர் மிகவும் சந்தோஷமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை படத்தில் கண்ணாடி வில்லையில் விளக்கு மின்னியது. அதற்கு வழி அவளுக்குத் தெரியும். கண்ணாடிக் கம்பிகளைக் காதுக்கு மேலே ஒரு நூல் அளவு தூக்கி வைத்தாள். வில்லை லேசாகக் கீழே சாய, மின்னல் போய்விட்டது. முதல் படமே தேறியது. அதில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் முறை அறைக்குள் நுழைந்ததுமே குமாஸ்தா அவளை அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க, புகார் மேடம்!" சுவரில் பழைய பலகைக்குப் பக்கத்தில், ஒரு அட்டையில் மார்க்கர் பேனாவால் அவரே எழுதிய எழுத்துகள் தொங்கின. கோணலும் மாணலுமாக இருந்தாலும் வரிசை புதிது. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்து, நிதானமாகக் கடைசி வரை படித்தாள். முத்திரை தாளில் விழுந்த சத்தம் அவளுக்கு அவ்வளவு இனிமையாகக் கேட்டது.

அடுத்து கம்ப்யூட்டர் தேர்வு. இருபது கேள்விகள், பன்னிரண்டு சரியாக இருந்தால் போதும். பக்கத்து இருக்கையில் ஒரு குழாய் ரிப்பேர்க்காரர் ஒவ்வொரு கேள்விக்கும் பெருமூச்சு விட்டார். மஞ்சள் விளக்குக்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் அவள் தடுமாறினாள். முக்கோணப் பலகை ஒன்றில் வளைவையும் சறுக்கலையும் மாற்றிச் சொன்னாள். பதினெட்டாவது கேள்வியில் கை வியர்த்து மவுஸ் வழுக்கியது. திரை ஒரு நொடி வெறுமையாகி, பிறகு பச்சையில் காட்டியது: பதினாறு, தேர்ச்சி.

"பதினாறு!" என்று எழுந்து நின்று கத்திவிட்டாள்.

"எனக்கு பன்னெண்டு," என்றார் குழாய்க்காரர், அதே சந்தோஷத்தோடு. "மூணாவது தடவைக்கு இது போதும்க்கா."

அச்சிட்ட உரிமத்தை வாங்கியதும் முதலில் அதை வாசித்தவர் கணவர்தான். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. பிறகு சிவப்புப் பேனாவைப் பைக்குள் திரும்ப வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியிலிருந்து ஒரு அம்மா வந்தார். காரின் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' எழுத்து அட்டையை ஒட்டி, அவர்களை விளையாட்டு மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். அங்கே இடம் மாறி உட்கார்ந்தார்கள். வர மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்த கணவர், பின் இருக்கையில் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கிளட்சை மெதுவா விடுங்க."

கார் ஒரு குதி குதித்து அணைந்தது. மறுபடியும் குதித்தது, அணைந்தது. பின்னாலிருந்து, "ஐயோ!" என்று ஒரு சத்தம் வந்தது. நாலாவது முறை வண்டி உறுமி, யோசித்து, பிறகு மெல்ல நகர்ந்தது. கோல் கம்பம் வந்தது, கடந்து போனது. மரத்தடி பெஞ்சில் இருந்தவர்கள் செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முழு மைதானமும் கண் முன்னால் துல்லியமாக விரிந்து கிடந்தது.

"போதும், நிறுத்துங்க," என்றார் பயிற்சியாளர்.

"இன்னும் ஒரே ஒரு சுத்து," என்று சொல்லி, கண்ணாடியக்கா ஸ்டியரிங்கை வளைத்தாள்.