சூப்பிரண்டு நடத்திய ஏ.சி. விசாரணை

மனிதன் இயற்கையை அடக்கி ஆண்ட வரலாற்றில் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்த ஆசனம் ஏ.சி.க்குத்தான். அந்த வீட்டு ஏ.சி.க்கு மட்டும் இந்தச் செய்தி எட்டவில்லை. காலையில் போட்டால் இரவு அணைக்கும்வரை மூச்சுவிடாமல் ஓடியது. அறையோ அடுப்பில் ஏற்றிய பானை மாதிரியே இருந்தது.

அறை தையல்காரியுடையது. மிஷின், வெட்டுமேசை, இஸ்திரிப்பெட்டி எல்லாம் அங்கேதான். அவள் கணவர் ஓய்வுபெற்ற கொதிகலன் ஆய்வாளர், தெருவுக்கு 'சூப்பிரண்டு'. உத்தியோகம் போயும் குரல் போகவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டாலும் நோட்டீஸ் விடுவது போலத்தான் கேட்பார்.

ஏ.சி. ஏன் நிற்கவில்லை என்று அவரே விசாரணை நடத்தினார். முதலில் கதவைச் சந்தேகித்து, அடியில் பழைய போர்வையைச் சுருட்டிச் செருகினார். அடுத்து ஜன்னல்; இடுக்கெல்லாம் டேப் ஒட்டினார். பிறகு ஃபில்டரைக் கழற்றி அவளிடம் நீட்டினார். அவள் தேய்த்துக் கழுவிக் காயவைத்து மாட்டியும் ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்க, "உனக்குக் கழுவத் தெரியலை" என்று தீர்ப்பு எழுதினார். மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றதற்கு, "என் வீட்டுக்கு மெக்கானிக்கா? ஊர் சிரிக்கும்" என்றார்.

அன்று அவள், பல் டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா ஸ்டூலில் காத்திருந்தார். சூப்பிரண்டு உள்ளே வந்து தொண்டையைச் செருமினார்.

"கண்டுபிடிச்சாச்சு. உன் இஸ்திரிப்பெட்டி, உன் மிஷின், உன்னைத் தேடி வர்ற ஜனங்க. ஒவ்வொரு ஆளும் ஒரு அடுப்பு! நாளையிலேருந்து தையல் பின்பக்கத்து ஷெட்ல."

"ஷெட்லயா? தகரக் கூரைங்க அது! நான் அங்க வேகணுமா? வெள்ளைத் துணிய அந்தப் புழுதியில வச்சா எவ என்கிட்ட தைக்கக் குடுப்பா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. முதல்ல மிஷினைக் காப்பாத்தணும்."

"எது மிஷின்? அந்த ஏ.சி.யே நான் தைச்சு வாங்கினது."

டாக்டரம்மா தயங்கி எழுந்தார். "நான் வேணா அப்புறம் வரட்டுமா?"

"உக்காருங்க டாக்டர். எந்த அடுப்பும் எங்கயும் போக வேணாம்." பல்லில் நூலைக் கடித்துத் துப்பினாள். "ஏங்க, கதவை விசாரிச்சீங்க, ஜன்னலை விசாரிச்சீங்க, என்னை விசாரிச்சீங்க. வெளியில இருக்கற பெட்டியை விசாரிச்சீங்களா?"

சூப்பிரண்டின் மீசை லேசாக இறங்கியது. "அது நல்லாத்தான் இருக்கு. தினம் நானே பார்க்கிறேன்."

"தினமா? எதுக்கு?"

"ஆய்வு."

"சாவியைக் குடுங்க."

"நீ தொடற இடமில்லை அது."

வெளிப்பெட்டியைச் சுற்றி அவர் இரும்புக் கூண்டு போட்டிருந்தார். மூன்று பக்கம் தகடு, முன்னால் கதவு, கதவில் பூட்டு, பூட்டுக்கு மேல் 'அபாயம்' என்று சிவப்புப் பலகை. கள்ளன் பயம் என்று சொல்லியிருந்தார். அவளும் நம்பியிருந்தாள். இப்போது அந்த நம்பிக்கையை நினைக்க நினைக்க அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. மேசையிலிருந்து பட்டன் அடிக்கும் சுத்தியலை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று கொல்லைப்பக்கம் நடந்தாள். ஆட்டம் கண்டது எதுவானாலும் பிடுங்குவதைப் பார்க்கும் ஆசையில் பல் டாக்டரும் பின்னாலேயே போனார்.

"ஏய், அது உறுதியான பூட்டு!" என்று சூப்பிரண்டு ஓடிவந்தார்.

உறுதியான பூட்டு மூன்றாவது அடியில் வாயைப் பிளந்தது.

கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. விசிறிக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. கயிறு நிறைய கிளிப். கிளிப் நிறைய சூப்பிரண்டின் ஜட்டிகள். பின்பக்கத்துக் கம்பிவலையில் இரண்டு பனியன்கள் உறிஞ்சப்பட்டு, தபால்தலை மாதிரி அப்பிக்கொண்டிருந்தன. சூடான காற்று போக வழியில்லாமல் கூண்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வர, பெட்டி ஆஸ்துமாக்காரன் போல இழுத்துக்கொண்டிருந்தது.

"இதான் உங்க ஆய்வா?"

"மொட்டைமாடியில போட்டா தெருவே பார்க்குது. எனக்குன்னு ஒரு அந்தஸ்து இருக்கில்ல? அதோட... சூடு வீணாப் போகுதேன்னு..."

"உங்க ஜட்டி காய, நான் ஷெட்ல வேகணுமா?" ஒவ்வொன்றாகப் பிடுங்கி அவர் கையில் எறிந்தாள். பனியனை உரித்தாள். கயிற்றை அறுத்தாள். "ஷெட்டு காலியாத்தான் கிடக்கு. போய் அங்க கட்டிக்கங்க உங்க அந்தஸ்தை!"

உள்ளே வந்து மீதிப் பட்டன்களை நிதானமாகத் தைத்தாள். கடைசிப் பட்டனுக்கு முடிச்சுப் போடும்போது சுவருக்கு அப்பால் பெட்டி 'டக்'கென்று நின்றது. அறை குளிர்ந்திருந்தது.

டாக்டரம்மா கோட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது சூப்பிரண்டு இன்னும் அந்தக் குவியலை ஏந்தியபடியே நின்றிருந்தார். வணக்கம் சொல்லக் கை இல்லை. டாக்டரம்மா பார்க்காதது போல் பார்த்தார்.

தையல்காரி வீட்டுத் துணிதான். அதில் ஓட்டை இல்லாத உருப்படி ஒன்றுகூட இல்லை.